பார்வை நேரம் பத்திலிருந்து நாலு வரை

தியாகலிங்கத்தின் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. மூன்றும் கருங்கல். ஒக்லாந்தில் எரிமலைக்குக் குறைவில்லாதபடியால் இந்தக் கல்லுக்கும் குறைவில்லை. ஊர் முழுக்க மதிலாகவும் தெருவோரமாகவும் கிடக்கிறது. ஆனால் இந்த மூன்றும் புனித ஒஸ்வால்ட் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் கிடந்ததால் அவற்றைப் படி என்று சொல்லக் கூடாது. மரபு என்று சொல்ல வேண்டும்.

மே மாதம் அவருடைய மனைவி இராசமலருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள். கை பாதி திரும்பியது. பேச்சுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒன்றும் நடக்கவில்லை. கால் மட்டும் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. ஜூலைத் தொடக்கத்தில் ஜோவான் என்ற பிசியோதெரபிஸ்ட் வீட்டைப் பார்க்க வந்தாள். வந்தவள் உள்ளே போகவே இல்லை. படிகளுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினாள்.

"வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதை, ஒரு ராம்ப் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இல்லாவிட்டால் நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் காலியாக இருக்கிறது. மாத முடிவு வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறேன்" என்றாள்.

பின்கதவு இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டின் பின்சுவரும் பேராலயத் தோட்டத்தின் மதிலும் ஒரே சுவர். அதில் ஓட்டை போடுவதைப் பற்றி நினைத்தாலே சபைக்குத் தெரிந்துவிடும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் நம்பினார்கள்.

சபை என்றால் பேராலயச் சுற்றாடல் மரபுக் காப்புச் சபை. தியாகலிங்கம் இருபது வருஷம் மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகைக்கு இருந்து, வேறு ஒருவரும் வாங்க முன்வராத இந்தச் சின்னக் கல்வீட்டை வாங்கியபோது ஏன் ஒருவரும் முன்வரவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். நிலம் பேராலயத்துடையது, வீடு தியாகலிங்கத்துடையது, வீட்டின் தோற்றம் சபையுடையது. இதில் கையெழுத்துப் போட்டபோது கடைசிப் பகுதியை அவர் ஒரு அலங்கார வசனம் என்று நினைத்துக்கொண்டார்.

சபையின் கொள்கை எளிமையானது. இங்கிலாந்தில் ஒரு பழைய பேராலய நகரம் இருக்கிறது. சபைத் தலைவி அங்கே ஒருமுறை விடுமுறைக்குப் போயிருக்கிறார். கல் பாவிய குறுகலான ஒழுங்கை, சாய்ந்த சிறு வீடுகள், குருமார் மாளிகை, மூலையில் மணிக்கூண்டு. இந்தத் தெருக்களும் எப்போதும் அப்படியே இருந்தன என்று காட்டுவதுதான் வேலை. உண்மையில் வீடுகள் பழையவை, பேராலயம் கட்டி முடிந்தது தியாகலிங்கம் பிறந்து, படித்து, கலியாணம் கட்டிய பிறகு. அவர் பிறந்த ஊரில் அவருடைய வீட்டுக் கிணறு இதைவிட மூத்தது. தெருமுனையில் சபை வைத்திருக்கும் வரலாற்றுப் பலகை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டில் தொடங்குகிறது. அதற்கு முந்தி இந்தச் சரிவில் ஒருவரும் இருக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்பது சபையின் நிலைப்பாடு.

வந்த வருஷமே இராசமலரின் கறிவேப்பிலைச் சாடி வாசலிலிருந்து அகற்றப்பட்டது. காலத்துக்குப் பொருந்தாத தாவரம் என்றார்கள். பதிலுக்கு ஒரு லாவெண்டர் கொடுத்தார்கள். கறிவேப்பிலை அதன் பிறகு குளியலறையில் வளர்ந்தது. அவர்கள் அதையும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். கால் ஓடுகிற மட்டும் எதையும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம்.

பெர்த்தில் இருக்கும் மகள் பிரணவி போனில், "ஜஸ்ட் பில்ட் இட், அப்பா" என்றாள். தியாகலிங்கம் துறைமுக அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று இருந்தால் அதை வாசிக்காமல் தூங்காதவர். ஆனால் மகள் சொன்னதும் அவருக்கும் ஒரு துணிவு வந்தது. கோயிலில் பழக்கமான ஜெய் பிரகாஷைக் கூப்பிட்டார். ஜெய் பிரகாஷ் பிஜிக்காரர், தச்சு வேலை. பாட்டனாரின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் என்றாலும் அவருக்குத் தமிழில் முருகன் பெயரும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டுமே தெரியும். இருவரும் இங்கிலீஷில்தான் கதைத்துக்கொள்வார்கள்.

"ஒரு சனிக்கிழமை மத்தியான வேலை, பிரதர்" என்றார் ஜெய் பிரகாஷ். சனிக்கிழமை மரத்தை அளந்து வெட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கேத்தில் கொதிக்கவில்லை, அதற்குள் எதிர்வீட்டு யன்னல் திரை விலகியது. தேத்தண்ணி ஆறவில்லை, சபையிலிருந்து ஆள் வந்து வேலையை நிறுத்தியது. ஜெய் பிரகாஷ் மரத்தை மறுபடியும் தன் வான் வண்டிக்குள் ஏற்றினார்.

சபைத் தலைவி திருமதி பெனலோப்பி வின்டர்பர்ன், தியாகலிங்கத்தைக் குருமார் மாளிகையில் சந்தித்தார். அவர் கோபக்காரி அல்ல. கோபக்காரியாக இருந்திருந்தால் தியாகலிங்கத்துக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் மிக அன்பானவர்.

"உங்கள் மனைவிக்காக மிகவும் வருந்துகிறோம். சென்ற கூட்டத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்கி வருந்தினோம்" என்றார். "ஆனால் அந்தப் படிகளைப் பாருங்கள். எத்தனை தலைமுறைகள் அவற்றின்மேல் கால் வைத்திருக்கின்றன. அதனால்தான் இனி ஒருவரும் கால் வைக்காமல் இருப்பது நல்லது என்று கருதுகிறோம்."

"நாங்கள் கல்லைத் தொட மாட்டோம். மேலே மரப்பலகைதான். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்."

"இப்போது அப்படித்தான் சொல்வீர்கள். இந்தச் சுற்றாடலில் எந்த மாற்றமும் பழைய நிலைக்குத் திரும்பக் கூடியதாக இருக்க வேண்டும்."

"ராம்ப் திரும்பும், மேடம். என் மனைவியின் கால்தான் திரும்புமோ தெரியவில்லை" என்றார் தியாகலிங்கம். சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருமதி வின்டர்பர்ன் மேசைமேல் இருந்த கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நிபுணர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்.

நிபுணர் அலிஸ்டர் ஹோப்வுட் ஒரு மழை நாளில் வந்தார். வந்ததும் படிகளில் குப்புறப் படுத்தார். டோர்ச் அடித்து ஒவ்வொரு படியாக மேலே ஊர்ந்தார். தியாகலிங்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வாசலை அடைந்து எழும்பிய ஹோப்வுட், கதவு நிலையின் வலப்பக்கக் கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அழைப்பு மணிக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், மங்கிய மஞ்சள் பூச்சு ஒன்று. அதன்மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள். மூன்றும் நேராக இல்லாமல் இடப்பக்கம் சரிந்திருந்தன.

"இதை எவ்வளவு காலமாக மறைத்து வைத்திருந்தீர்கள்?" என்று ஹோப்வுட் மெல்லிய குரலில் கேட்டார்.

தியாகலிங்கத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. நாலு வருஷத்துக்கு முன், வீடு குடிபுகுந்த அன்று, இராசமலர் நிலையின் மேலும் இரண்டு பக்கமும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். உள்ளே அடுப்பில் பால். மேலே வைத்ததையும் இடப்பக்கம் வைத்ததையும் ஒக்லாந்து மழை கொண்டுபோய்விட்டது. வலப்பக்கம் மட்டும் தாழ்வாரத்தின் தயவில் தப்பியிருந்தது. இதை அப்படியே ஹோப்வுட்டுக்குச் சொன்னார்.

ஹோப்வுட் பொறுமையாகக் கேட்டார். "வீட்டோடு தமக்கு ஒரு தொடர்பு இருப்பதாகக் குடியிருப்போர் உணர்வது இயல்பு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் இது இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து வந்த கொத்தனார்களின் குறி. மூன்று புள்ளிகள், பரிசுத்த திரித்துவம். இவ்வளவு நல்ல நிலையில் உலகத்தில் வேறெங்கும் இல்லை. வேறெங்கும் இதுவரை கிடைக்கவும் இல்லை."

"மணந்து பாருங்கள். சந்தனம்."

ஹோப்வுட் மூக்கை வைத்து மணந்தார். கண்களை மூடிக்கொண்டார். "ஆம். அந்தக் காலக் கப்பல்கள் கீழைத்தேசச் சந்தனம் ஏற்றி வந்தன. எல்லாம் பொருந்துகிறது."

"சரிந்திருக்கிறதே, அது ஏன் தெரியுமா? பால் பொங்குது என்று நான் உள்ளே நின்று கத்தினேன். அவள் அவசரத்தில் கையை இழுத்துவிட்டாள்."

"அந்தச் சரிவு தற்செயலாக இருக்க முடியாது" என்றார் ஹோப்வுட். "அது பணிவு." பிறகு, பால் பற்றிய கதையை உள்ளூர் ஐதிகம் என்ற தலைப்பில் தனியாகப் பதிய வைப்பதாக வாக்களித்தார். ராம்ப் பற்றிக் கேட்டதற்கு, இனிப் படிகளுக்கு அருகே போவதே யோசிக்க வேண்டிய விஷயம் என்றார்.

அடுத்த கிழமை குறிக்கு மேல் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி பொருத்தினார்கள். நல்ல கனமான பெட்டி. அதன் ஒரு விளிம்பு நிலையைத் தாண்டி உள்ளே நீண்டிருந்ததால் கதவை முழுதாகச் சாத்த முடியவில்லை. சாத்தினால் கண்ணாடி உடையும். உடைத்தால் குற்றம். ஆக, கதவு இரவும் பகலும் ஒரு முழ அகலம் திறந்தே கிடந்தது. ஜூலை மாதத் தெற்குக் காற்று பேராலயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகத் தியாகலிங்கத்தின் கூடத்துக்குள் வந்தது.

"கள்ளர் வந்தால் என்ன செய்வது?" என்று தியாகலிங்கம் சபைக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"அதையும் யோசித்தோம். குறியைத் தொடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். அது எல்லோருக்கும் பொருந்தும்" என்றது மறுமுனை.

அவர் ஜக்கெட்டோடும் கம்பளித் தொப்பியோடும் படுக்கப் பழகினார். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இராசமலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருப்பாள். இடது காலைத் தூக்கி வைக்கும்போது அவளுடைய மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும்.

"இஞ்சருங்கோ, ராம்ப் முடிஞ்சுதே?"

"மரம் ஈரமாக் கிடக்கு. காய வேணும் எண்டு ஜெய் பிரகாஷ் சொல்லுறார்."

"என்ன மரமப்பா அது, கடலுக்கையோ வளர்ந்தது? நான் போன கிழமையும் கேட்டன், இதைத்தானே சொன்னியள்."

"மழை, மலர். நீர் யோசியாதையும்."

"யோசிக்கேல்லை. புக்கெகோஹிக்கு அனுப்பிப் போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு. அவ்வளவுதான்" என்றாள். அவள் பயம் என்ற சொல்லைச் சொல்லி அவர் கேட்டது முப்பத்தைந்து வருஷத்தில் மிகக் குறைவு. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளிடம் அதைச் சொல்லாமல் கட்டில் விரிப்பைச் சரி செய்தார்.

சபை அவரை விசாரணைக்கு அழைத்தது. குருமார் மாளிகையின் பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். தியாகலிங்கம் ஒரு முடிவோடு போயிருந்தார். சாமியறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துப் போயிருந்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். மோதிர விரலால் மூன்று குங்குமப் பொட்டு வைத்தார். வேண்டுமென்றே இடப்பக்கம் சரித்தும் காட்டினார்.

"இவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டு வாசலிலும் இது இருக்கும். மவுண்ட் ரோஸ்கில்லுக்கு வாருங்கள், ஒரு தெருவிலேயே பத்துக் காட்டுகிறேன்" என்றார்.

தாள் கைக்குக் கை மாறியது. ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஹோப்வுட்டின் கண்கள் கலங்கியிருந்தன.

"நெகிழ்ச்சியாக இருக்கிறது" என்றார் திருமதி வின்டர்பர்ன். "எங்கள் கொத்தனார்கள் விட்டுப்போன ஒரு வழக்கத்தை உங்கள் சமூகம் இவ்வளவு பக்தியோடு எடுத்து வைத்திருக்கிறது. இந்த நாடு எப்படி எல்லோரையும் ஒன்று சேர்க்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை."

மேசையைச் சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள். தியாகலிங்கத்துக்கும் தட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஹோப்வுட் எழுந்து, இவ்வளவு திறமையாகப் பிரதி செய்யக் கூடிய ஒருவரே குறிக்குப் பக்கத்தில் வசிப்பது கவலைக்குரியது என்றார். கிண்ணமும் சிமிழும் ஆபத்தான பொருட்களாகச் சபையின் பாதுகாப்பில் எடுக்கப்பட்டன. வெள்ளைத் தாளையும் சட்டம் போடக் கொடுத்தார்கள்.

"அப்போ ராம்ப்?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

திருமதி வின்டர்பர்ன் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போது அந்த வீடு தேசிய முக்கியத்துவம் பெற்றுவிட்டது. ஆகவே ராம்ப் வேண்டுமா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வியை நாம் நேர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் மனைவி உள்ளே வரத்தான் வேண்டுமா?"

தியாகலிங்கம் எழுந்து வெளியே போனார். அன்றைக்கு அவர் பேராலய ஒழுங்கை வழியாக வீட்டுக்கு நடந்து வந்ததை ஒரு சுற்றுலாக்காரர் படம் எடுத்தார். பழைய தெருவில் தனியாக நடந்து போகும் ஒரு மனிதர், படம் நன்றாக வந்திருக்கும்.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கையில் நிலைமை மாறியது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் இருப்பது அநியாயம் என்று சபை தீர்மானித்தது. வீட்டின் முன்கூடம் பார்வைக்குத் திறக்கப்படும், பத்திலிருந்து நாலு வரை. தியாகலிங்கம் அந்த நேரத்தில் சமையலறையில் சத்தமில்லாமல் இருக்கலாம். அப்போது யாரோ ஒருவர், பொது இடமென்றால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வழி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகையில் எழுதிவிடுவார்கள் என்று ஞாபகப்படுத்தினார். சபை அதை எடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றியது. தேநீர் வருவதற்கு முன்பே நிறைவேற்றியது என்று ஒரு பேச்சு.

வேலைக்கு ஆள் தேடினார்கள். அந்த வாசலை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தவர் ஒருவர்தான். ஜெய் பிரகாஷ் சனிக்கிழமை காலை வந்து, தன் கொட்டிலில் கிடந்த அதே மரத்தை இறக்கினார். மத்தியானம் முடித்துவிட்டார். எதிர்வீட்டு யன்னல் திரை இந்த முறை அசையவில்லை.

"நான் சொன்னேனே பிரதர், ஒரு மத்தியான வேலை என்று" என்றார். கடைசி ஆணியை அடிக்கும்போது அவர் தியாகலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

திறப்பு விழாவில் பேராலயத்தின் தலைமைக் குரு நாடா வெட்டினார். திருமதி வின்டர்பர்ன் உருக்கமாகப் பேசினார். "வெறும் மூன்று படிகளுக்காக ஒரு மனிதர் வெளியே நிறுத்தப்படலாமா? நண்பர்களே, அப்படிப்பட்ட ஒரு சமூகத்தில் வாழ நான் வெட்கப்படுவேன். இந்த ராம்ப் மரத்தால் ஆனதல்ல. இரக்கத்தால் ஆனது." எல்லோருக்கும் சிறு சிறு சாண்ட்விச் கொடுத்தார்கள். தியாகலிங்கத்துக்கும் ஒன்று கிடைத்தது.

சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "மேடம், என் மனைவி இதில் வரலாமா?"

"தாராளமாக. அவர் பார்வையாளர்தானே?"

"இல்லை. இந்த வீட்டில் இருப்பவள்."

திருமதி வின்டர்பர்னின் முகம் உண்மையாகவே வாடியது. "அடடா. அனுமதி பார்வையாளர்களுக்கு மட்டும்தான். குடியிருப்போர் பயன்படுத்தினால் அது குடியிருப்பு மாற்றமாகிவிடும். அதை நாங்கள் ஏற்கெனவே நிராகரித்துவிட்டோம் அல்லவா?" நாலு மணிக்குப் பிறகு ராம்ப்பின் அடியில் ஒரு சங்கிலி போட்டுப் பூட்டுவதாகவும் தெரிவித்தார்.

தியாகலிங்கம் அன்று முழுக்கச் சமையலறையில் சத்தமில்லாமல் இருந்தார். வாசலில் வழிகாட்டியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கார்ன்வால், கொத்தனார், பணிவு. சனம் ஓ என்றது. புக்கெகோஹிக் கட்டில் திங்கட்கிழமைக்கு உறுதி செய்யப்பட்டிருந்தது. அவர் போனை எடுத்து, யன்னலால் எட்டி ராம்ப்பை ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தை ஜோவானுக்கு அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. பொய் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

ஜோவான் சொன்ன சொல் தவறாதவள். "அழகான ராம்ப். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டிப்போகலாம்" என்று பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீல்செயார் ஏற்றும் டாக்சி ஒழுங்கைக்குள் வரும்போது மூன்றரை மணி. ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருந்தே நேரம் மினக்கெட்டுவிட்டது. நாலு மணிக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. வாசலில் நின்ற வழிகாட்டிக்குப் பெயர் கல்யாணி. கோயம்புத்தூர்க்காரி, நாற்பது தாண்டியவர், கணவரின் வேலை விசாவில் வந்து கிடைத்த வேலையைச் செய்பவர். மடியில் மருந்துப் பையோடு வந்த இராசமலரைப் பார்த்ததும் கல்யாணிக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். இருந்தாலும் சட்டைப் பையிலிருந்து பார்வையாளர் என்று எழுதிய இரண்டு ஒட்டு வில்லைகளை எடுத்து ஒட்டினார். ஒன்றை இராசமலரின் சேலைத் தலைப்பில், மற்றதைத் தியாகலிங்கத்தின் ஜக்கெட்டில்.

"என்ன இது, எங்கட வீட்டுக்கு எங்களுக்கே வில்லையோ?" என்றாள் இராசமலர்.

"இப்ப கதையாதையும். பிறகு சொல்லுறன்" என்று தியாகலிங்கம் ராம்ப்பில் தள்ளினார். சக்கரம் ஏறும்போது மரம் கிரீச் என்றது. எதிர்வீட்டுத் திரை விலகியது.

கல்யாணி மனப்பாடம் செய்ததை இங்கிலீஷில் தொடங்கினார். "நீங்கள் இப்போது பார்ப்பது..." என்றவர் நிறுத்திவிட்டார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது சந்தனம் குங்குமம்தானே? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. யார்கிட்ட சொல்றது, சொன்னா வேலை போயிடும்" என்றார்.

இராசமலர் கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். "ஓம், நான் வைச்சதுதான். கோணலாப் போச்சு. இந்தாள் உள்ளுக்க நிண்டு பால் பொங்குது, பால் பொங்குது எண்டு கத்தினதில கை இழுபட்டுட்டுது. பிறகு துடைச்சுப்போட்டு வடிவா வைப்பம் எண்டு இருந்தனான். மறந்துபோனன்." பிறகு தியாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்காகத்தானோ மரம் காயாமக் கிடந்தது?"

"ஓம்" என்றார் தியாகலிங்கம்.

அவள் கையை நீட்டி உள்ளே காட்டினாள். கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார். வலது கையால் அடுப்பைத் தடவிப் பார்த்தாள். "எண்ணெய்ப் பிசுக்கு" என்றாள். குளியலறையில் கறிவேப்பிலை நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றார். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "பாலை வையுங்கோ. திரும்பவும் வீடு குடிபூருறன், பால் காய்ச்ச வேணும்."

அவர் பாலை அடுப்பில் வைத்த நேரம் பேராலய மணி நாலு அடித்தது.

கல்யாணி சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, மன்னிச்சுக்கோங்க. நாலாயிடுச்சு. மேடம் சங்கிலியோட வந்துட்டிருக்காங்க. விசிட்டர்ஸ் எல்லாரும் வெளிய போயிடணும்."

இராசமலர் சேலைத் தலைப்பிலிருந்த வில்லையைக் கழற்றினாள். ஒற்றைக் கையால் கழற்ற நேரம் எடுத்தது. தியாகலிங்கம் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதைக் கல்யாணியின் கையில் கொடுத்தாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ பிள்ளை. நாங்கள் இருக்கிறம்."

தியாகலிங்கமும் தன் வில்லையைக் கழற்றிக் கொடுத்தார். கல்யாணி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒருகணம் பார்த்தார். பிறகு வெளியே போனார். அவருடைய இங்கிலீஷ் கூடத்தைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. "பார்வையாளர்கள் அனைவரும் வெளியேறிவிட்டார்கள், மேடம். வில்லைகள் இதோ. உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள்."

"வீட்டுக்காரர்கள் எப்படி உள்ளே போனார்கள்?"

"பார்வையாளர்களாக, மேடம்."

வாசலில் சங்கிலி கிலுங்கியது. தியாகலிங்கம் கூடத்துக்கு வந்தார். ஒரு முழ இடைவெளியில் திருமதி வின்டர்பர்னின் முகமும் கையில் சங்கிலியும் தெரிந்தன. அவருக்குப் பின்னால் ஹோப்வுட். "திரு. தியாகலிங்கம்" என்று அன்பாகத் தொடங்கினார் தலைவி, "இது மிகவும் துயரமான நிலைமை. உங்கள் மனைவியைப் பத்திரமாக இறக்கிவிட நாங்களே உதவுகிறோம். நாளை காலை பத்து மணிக்கு அவர் மறுபடியும் தாராளமாக வரலாம். தினமும் வரலாம். கட்டணம்கூட வேண்டாம்."

வாழ்நாள் முழுக்க ஒரு விதியையும் மீறாத மனிதர் அவர். வாகனமே இல்லாத வீதியிலும் சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை காத்து நிற்பவர். கதவில் கை வைத்தார். கொஞ்சம் தள்ளினார். கதவு பித்தளைச் சட்டத்தில் போய் முட்டி நின்றது.

"வேண்டாம்" என்றார் ஹோப்வுட். "அது நூற்று அறுபது வருஷம் பழையது."

"நாலு வருஷம்" என்றார் தியாகலிங்கம்.

தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. கண்ணாடி மேலிருந்து கீழாக விரிந்து, பிறகு பொலபொலவென்று ராம்ப்பின்மேல் கொட்டியது. கதவு சாத்திக்கொண்டது. பெட்டி வந்த பிறகு முதல் தடவையாகக் கூடத்தில் காற்று நின்றது. அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல்தான் அழுதார், அந்தப் பழக்கம் சபை கொடுத்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. திருமதி வின்டர்பர்னின் குரலில் முதல் முறையாகக் கோபம் இருந்தது. சமையலறையிலிருந்து இராசமலரின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, பால் பொங்குது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பால் வழிந்து அடுப்பெல்லாம் நுரை. அவள் சிரித்தாள், வாய் ஒரு பக்கம் சரிந்த சிரிப்பு. கதவு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"உள்ள வர வேணுமாம்."

இராசமலர் பால் கிண்ணத்தை வலது கையால் வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பம் எண்டு சொல்லுங்கோ."